உண்ட தட்டும் களைந்த வேலியும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதும் தலைமையாசிரியர், பள்ளியின் சாதனைகளை எடுத்துரைப்பது வழக்கம். இம்முறை நான் அவ்வழக்கத்திலிருந்து சற்று விலகுகின்றேன். நாம் செய்து முடித்துவிட்டதாக எண்ணி, உண்மையில் பாதியிலேயே விட்டிருந்த இரண்டு காரியங்களைப் பற்றி எழுத விரும்புகின்றேன். ஒன்று, நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் வழங்கப்படும் துணையுணவு. மற்றொன்று, பள்ளி வேலியோரத்தில் படர்ந்துள்ள களை. உணவிற்கும் களைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். இரண்டிலும் நம் உழைப்புப் பலித்ததா என்று சோதித்தறியும் முறை ஒன்றே, அதுவே தொடர்பு. அம்முறையை எளிய நடையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரண்டு பதிவேடுகள்

என் மேசைமேல் இரண்டு பதிவேடுகள் உள்ளன. முதலாவது, துணையுணவுப் பதிவேடு. எந்த நாளில் எத்தனை மாணவர்களுக்கு உணவு வழங்கப்பட்டது என்பது அதில் குறிக்கப்படும். இரண்டாவது, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கூட்டுப்பணிப் பதிவேடு. எந்த நாளில் எத்தனை பேர் வந்தனர், எவ்வளவு இடம் துப்புரவு செய்யப்பட்டது என்பது அதில் இருக்கும். இரண்டும் குறைவின்றி நிரம்பியிருந்தன. பார்வையிட வருவோர் அவற்றைப் புரட்டிப் பார்த்துப் பாராட்டிச் சென்றனர். நானும் மனநிறைவு கொண்டிருந்தேன்.

ஒரு நாள் ஓய்வு நேரம் முடிந்த பின்னர்ச் சிற்றுண்டிச்சாலையின் பின்புறம் செல்ல நேர்ந்தது. அங்கே ஒரு வாளி நிறையச் சோறும், வதக்கிய கங்கோங் கீரையும், பாதி கடித்த பழங்களும் கிடந்தன. அந்த இடத்திலிருந்தே பள்ளி வேலியும் கண்ணுக்குத் தெரிந்தது. மூன்று வாரங்களுக்கு முன்னர்ப் பெற்றோர்கள் ஞாயிற்றுக்கிழமை ஓய்வைத் துறந்து, வெயிலில் நின்று வெட்டிச் சாய்த்த கொடி, மீண்டும் கம்பியின் பாதி உயரத்திற்கு ஏறிப் பசுமையாக அசைந்துகொண்டிருந்தது.

கொடுத்ததைப் பதிவேடு சொல்லிற்று, உண்டதைச் சொல்லவில்லை. வெட்டியதைச் சொல்லிற்று, மீண்டும் முளைத்ததைச் சொல்லவில்லை. அன்றுதான் இவ்வேறுபாடு எனக்கு விளங்கிற்று.

துணையுணவு எதற்காக?

நம் நாட்டில் துணையுணவுத் திட்டம் 1970-களின் பிற்பகுதியில் தொடங்கப்பட்டது. வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வகுப்பில் அமரக்கூடாது என்பதே அதன் அடிப்படை. 1983-ஆம் ஆண்டில் பள்ளிப் பால் திட்டமும் வந்து சேர்ந்தது. விலைவாசி ஏறியதைக் கருத்திற்கொண்டு, 2022-ஆம் ஆண்டில் தீபகற்ப மலேசியாவில் ஒரு மாணவருக்குரிய உணவுத் தொகை 2 ரிங்கிட் 50 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 50 சென்னாக உயர்த்தப்பட்டது.

இத்திட்டத்தின் தேவையை உணர ஓர் எண்ணை நினைவிற்கொள்வோம். 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதிற்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அதாவது, ஐந்து குழந்தைகளில் ஒன்றுக்கும் சற்று மேல். நீண்ட காலம் போதிய சத்து கிடைக்காமையும், அடிக்கடி நோயுறுதலும் இதற்கு முக்கியக் காரணங்கள். இக்குழந்தைகளே பின்னர் முதலாம் ஆண்டு வகுப்பிற்குள் நுழைகின்றனர். அதே ஆய்வு, 5 முதல் 17 வயது வரையுள்ளோரில் 29.8 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள் என்றும் கண்டது. ஆகவே குறைவாக உண்பது மட்டுமன்று, தவறாக உண்பதும் நம் பிள்ளைகளின் சிக்கலாகும். இனிப்பு நீரும் பொரித்த தின்பண்டமும் வயிற்றை நிரப்பும், உடலை வளர்க்கமாட்டா.

வாளியை நிறுத்துப் பார்த்தோம்

உணவு வழங்கப்படுகின்றதா என்று கேட்பதை விட்டு, உண்ணப்படுகின்றதா என்று கேட்கத் தொடங்கினோம். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் இதற்கு உதவினர். சோற்றுக்கு ஒன்று, மீன் முட்டைக்கு ஒன்று, கீரை காய்கறிக்கு ஒன்று, பழத்திற்கு ஒன்று என நான்கு வாளிகளை வைத்தோம். தின்று முடித்த பிள்ளைகள் மிச்சத்தைப் பிரித்துக் கொட்டினர். வாளிகளைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொண்டோம்.

கணக்கு முறை எளியது. எடுத்துக்காட்டாக, 40 மாணவர்களுக்குத் தலைக்கு 50 கிராம் கீரை வைத்தால் மொத்தம் 2 கிலோகிராம். வாளியில் 1 கிலோ 200 கிராம் கீரை சேர்ந்தால், உண்ணப்பட்டது 800 கிராம் மட்டுமே. அதாவது 40 விழுக்காடு. பதிவேட்டிலோ அந்நாளுக்கு நூறு விழுக்காடு என்றே எழுதப்பட்டிருக்கும். மாணவர்களே, நீங்கள் கணிதப் பாடத்தில் கற்கும் விழுக்காடு எதற்குப் பயன்படும் என்று கேட்பதுண்டு. இதற்குத்தான் பயன்படும்.

எங்கள் பள்ளியிலும் நிரம்பியது கீரை வாளிதான். பிள்ளைகளை அதட்டுவதற்கு முன்னர்க் காரணம் கேட்டோம். தண்டு முற்றியிருக்கின்றது, மெல்ல முடியவில்லை என்றனர் சிறுவர்கள். ஓய்வு நேரம் முடிவதற்குள் தின்ன இயலவில்லை என்றனர் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள். வீட்டில் இனிப்பான தேநீர் குடித்து வந்ததால் பசியில்லை என்றனர் சிலர். சிற்றுண்டிச்சாலை நடத்தும் அம்மையாரிடம் சொன்னோம். அவர் தண்டை நீக்கி, கீரையைப் பொடியாக அரிந்து, பருப்போடு சேர்த்துக் கடைந்து கொடுத்தார். சிறு பிள்ளைகளைச் சற்று முன்னதாக அமரச் செய்தோம். கீரை வாளியின் எடை குறைந்தது. இதற்கென ஒரு காசும் கூடுதலாகச் செலவாகவில்லை.

தேநீரைப் பற்றி ஒரு சொல். உணவோடு அருந்தும் தேநீர், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கின்றது. கொய்யா, ஆரஞ்சு, எலுமிச்சை போன்ற கனிகளில் உள்ள வைட்டமின் சி அதனை உடல் ஏற்கத் துணைபுரிகின்றது. ஆகையால் சாப்பாட்டோடு பிள்ளைகளுக்குத் தேநீர் வேண்டா. ஒரு துண்டு கொய்யாப்பழம் நன்று.

கால்சட்டைப் பையில் இருந்த முட்டை

தட்டு காலியானால் பிள்ளை உண்டுவிட்டது என்று நான் முடிவு செய்தேன். அதுவும் தவறென்று ஒரு மூன்றாம் ஆண்டு மாணவன் எனக்குக் கற்பித்தான்.

அவன் தட்டில் என்றும் ஒரு பருக்கைகூட மிஞ்சியதில்லை. மற்ற பிள்ளைகளுக்கு அவனையே எடுத்துக்காட்டாகச் சொல்லிவந்தேன். ஆயினும் அவன் எடை ஏறவில்லை. ஒரு நாள் அவன் கால்சட்டைப் பையில் அவித்த முட்டை இருப்பதைக் கண்டு, பள்ளி உணவை வெளியே கொண்டுசெல்லக்கூடாது என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அவன் தலைகுனிந்து, “தம்பிக்கு ஐயா” என்றான்.

அன்று மாலை அவன் வீட்டிற்குச் சென்றேன். தந்தை இல்லாத குடும்பம். தாய் விடியற்காலையில் பெரட்டுக்குச் சென்றுவிடுகின்றார். ஐந்து வயதுத் தம்பி, அண்ணன் வீடு திரும்பும் வரை பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் இருக்கின்றான். அவ்விருவருக்கும் உரிய முட்டை அந்த ஒன்றே. நான் அந்தத் தாயிடமும் மகனிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். தம்பியைப் பாலர் வகுப்பில் சேர்க்க ஏற்பாடு செய்தோம். அங்கே அவனுக்கும் உணவு உண்டு. அண்ணனின் முட்டை அண்ணனுக்கே ஆயிற்று.

இதிலிருந்து அறிவது யாது? வாளியும் முழு உண்மையைச் சொல்வதில்லை. பிள்ளையின் உயரமும் எடையுமே இறுதிச் சான்று. பள்ளி வயதுப் பிள்ளை ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 5 முதல் 6 சென்டிமீட்டர் உயரமும், 2 முதல் 3 கிலோகிராம் எடையும் கூடுவது இயல்பு. ஒரே தராசில், காலணியின்றி, ஆண்டின் தொடக்கத்திலும் நடுவிலும் இறுதியிலும் அளந்தால் போதுமானது. ஒரு முறை அளந்த எண்ணால் பயனில்லை. இரண்டு அளவுகளுக்கு இடைப்பட்ட வளர்ச்சியே பொருளுடையது. உண்டும் வளராத பிள்ளைக்குக் குடற்புழு இருக்கலாம், வேறு நோய் இருக்கலாம், வீட்டில் இரவுச் சோறு இல்லாமலும் இருக்கலாம். அப்பிள்ளையைச் சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்வதும், வீட்டிற்குச் சென்று விசாரிப்பதும் ஆசிரியரின் கடமையாகும்.

வேலிக்கொடியின் வரலாறு

இனி வேலிக்கு வருவோம். நம் வேலியை மூடும் கொடியின் பெயர் மைக்கானியா. மலாய் மொழியில் இதனைச் ‘செலாப்புட் துங்குல்’ என்பர். அடிமரக் கட்டையைப் போர்த்துவது என்று பொருள். இதன் தாயகம் நடு அமெரிக்காவும் தென் அமெரிக்காவுமாகும். 1949-ஆம் ஆண்டில் இந்தோனேசியாவின் போகோர் தாவரவியல் தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்ட இக்கொடி, 1956-இல் அந்நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் நிலத்தை மூடி மண்ணரிப்பைத் தடுக்கும் பொருட்டு நடப்பட்டது. நம் நாட்டுத் தோட்டங்களிலும் இவ்வினக் கொடி நிலமூடியாக வளரவிடப்பட்டது. அதாவது, இன்று நாம் களை என்று வெட்டுவதை அன்று மனிதரே நன்மை கருதி வரவேற்றனர்.

நிலம் விரைவில் பசுமையாயிற்று. பசுமையைப் பார்த்தவர்கள் முயற்சி வெற்றி என்றனர். ஆனால் ரப்பர்த் தோட்டத்தின் பயன் நிலத்தின் பசுமையில் இல்லை. மரத்தின் வளர்ச்சியில் உள்ளது. மரங்களை ஆராய்ந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. பிற தாவரங்களின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்கள் மைக்கானியாவில் இருப்பதற்கான சான்றுகள், 1964-ஆம் ஆண்டில் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்விதழில் வெளியிடப்பட்டன. காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணிற்குச் சேர்க்கும் பியூராரியா, செண்ட்ரோசீமா போன்ற பயற்றினக் கொடிகளே இளமரங்களுக்கு ஏற்றவை.

நிலம் பசுமையாக இருந்தது, மரம் தேறவில்லை. பதிவேடு நிரம்பியிருந்தது, பிள்ளை வளரவில்லை. இவ்விரண்டும் ஒரே வகைப் பிழை என்பதை வாசகர்கள் இப்போது உணர்ந்திருப்பீர்கள்.

வெட்டினால் பெருகும் களை

மைக்கானியாவை நாம் ஏன் வெல்ல முடியவில்லை? நாம் வெட்டிய முறையே காரணம். இக்கொடியின் ஒவ்வொரு கணுவும் ஈரமண்ணைத் தொட்டால் வேர்விடும். பாராங்கத்தியால் துண்டு துண்டாக வெட்டி அங்கேயே போட்டுவிட்டு வந்தோம். அது களையெடுப்பு ஆகவில்லை. கரும்பு நடுவதைப் போலக் கரணை நட்டதாகவே முடிந்தது. ஏற்ற சூழலில் இது ஒரே நாளில் 8 முதல் 9 சென்டிமீட்டர் வரை நீளக்கூடியது. சிறிய வெண்பூக்கள் முற்றிவிட்டால், மெல்லிய மயிர்க்குச்சம் உடைய விதைகள் காற்றிலும், ஆடையிலும், ஆடுமாடுகளின் உடலிலும் ஒட்டிப் பரவும்.

ஆகவே முறையை மாற்றினோம். முதலாவது, பூக்கும் முன்னரே களைவது. இரண்டாவது, மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்குவது. மூன்றாவது, பிடுங்கியதை மண்மீது போடாமல் பழைய தகரத்தின்மேல் பரப்பி, மொறுமொறுவெனக் காயும் வரை விடுவது. நான்காவது, வெற்றிடத்தை வெறுமனே விடாமல் சர்க்கரைவள்ளிக் கொடியையும் பயற்றங்கொடியையும் உடனே நடுவது. வெயில் படும் வெற்று மண்ணே மைக்கானியாவிற்கு அழைப்பு. ஐந்தாவது, இரண்டு வாரத்திற்கு ஒரு முறை சென்று புதுத்தளிர்களைக் கிள்ளாமல் வேரோடு எடுப்பது. ஆண்டிற்கு இருமுறை இருபது பேர் கூடுவதைவிட, இரு வாரத்திற்கு ஒரு முறை இருவர் செல்வது மிகுந்த பயன் தருகின்றது.

இதனைச் சோதிக்கவும் ஓர் அளவுகோல் வேண்டுமன்றோ? வேலியோரத்தில் நான்கு முளைக்குச்சிகளை நட்டு, கயிறு கட்டி, ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள சதுரம் அமைத்தோம். அதனுள் முளைக்கும் மைக்கானியாத் தளிர்களை ஆறாம் ஆண்டு மாணவர்கள் எண்ணி அறிவியல் ஏட்டில் குறித்து வருகின்றனர். எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகின்றது. முற்றாக அற்றுவிடவில்லை, அற்றுவிட்டதாக எழுதவும் மாட்டோம்.

மருந்தடித்தல் பற்றி

களைக்கொல்லி அடித்தால் ஒரே நாளில் முடியுமே என்று சில பெற்றோர்கள் கேட்டனர். வேலியை அடுத்துத்தான் நம் கீரைப் பாத்தி உள்ளது. காற்றில் பறக்கும் மருந்துத்துளி கீரையின்மேல் படியும். அவ்வேலியைத் தொட்டுக்கொண்டுதான் சிறுவர்கள் பந்து விளையாடுகின்றனர்.

இன்னொரு காரணமும் உண்டு. என் தாயார் தோட்டத்தில் மருந்தடிக்கும் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். முதுகில் தொட்டியும், மூக்கில் ஒரு துணியுமாகச் சென்று வருவார். அவருடைய கைநகங்கள் கறுத்து உதிர்ந்ததை நான் சிறுவயதில் கண்டிருக்கின்றேன். அக்காலத்தில் தோட்டங்களில் மிகுதியாகப் புழங்கிய பாராகுவாட் என்னும் களைக்கொல்லிக்கு மாற்று மருந்து கிடையாது. அதற்கு 2002-இல் விதிக்கப்பட்ட தடை 2006-இல் தளர்த்தப்பட்டு, இறுதியாக 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் நடப்பிற்கு வந்தது. வேறு மருந்துகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. அவற்றைக் கையாளும் பெற்றோர்கள் கையுறை, முகமூடி, காலணி ஆகியவற்றை முறையாக அணிய வேண்டும். அந்த உடையைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கலாகாது. மருந்து அடித்த செம்பனை வரிசைகளின் ஓரத்தில் முளைக்கும் குப்பைக்கீரையையும் மணத்தக்காளியையும் பறித்துச் சமைப்பதையும் கைவிட வேண்டும். கீரை நல்லதுதான், அது வளர்ந்த இடம் நல்லதாக இருக்க வேண்டும்.

கையால் தொடலாகாத களையும் ஒன்று உண்டு. தமிழ்நாட்டிலும் பரவலாகக் காணப்படும் பார்த்தீனியம் 2013-ஆம் ஆண்டில் சிலாங்கூரிலும் கண்டறியப்பட்டது. கேரட் இலையைப் போன்று பிளவுபட்ட இலைகளும், நுனியில் சிறுசிறு வெண்பூக்களும் உடையது. தோலில் அரிப்பையும், மூச்சிழைப்பையும் உண்டாக்கும். மாடு தின்றால் பாலும் கசக்கும். இதனைக் காணும் மாணவர்கள் பிடுங்க முற்படாமல் ஆசிரியரிடம் தெரிவிக்க வேண்டும். விவசாயத் துறைக்கு நாங்கள் அறிவிப்போம்.

நிறைவாக

களை நீங்கிய வேலியோரத்தில் இன்று முருங்கையும், பசலையும், கங்கோங்கும் வளர்கின்றன. அவை பள்ளி முழுமைக்கும் உணவளிக்கப் போதா. ஆயினும் தாம் நீரூற்றிய கீரையைத் தட்டில் ஒதுக்கும் பிள்ளைகள் மிகச் சிலரே என்பதை நான்கு வாளிகளும் காட்டுகின்றன.

பெற்றோர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். பள்ளியில் என்ன உண்டாய் என்று நாள்தோறும் பிள்ளையைக் கேளுங்கள். ஆண்டிற்கு மூன்று முறை நாங்கள் அனுப்பும் உயர எடைக் குறிப்பைப் படித்து, ஐயமிருந்தால் தயங்காமல் வாருங்கள். இரு வாரத்திற்கு ஒரு மாலை, வேலியோரத்திற்கு ஒரு மணி நேரம் தாருங்கள்.

மாணவர்களே, எந்தப் பணியையும் செய்து முடித்ததும் பதிவேட்டில் எழுதுங்கள். அது நல்ல பழக்கம். எழுதிய பின்னர் மூன்று வாரம் கழித்து அந்த இடத்திற்கு மீண்டும் சென்று பாருங்கள்.

முட்டையைத் தம்பிக்காக எடுத்துச் சென்ற அம்மாணவனை ஆண்டிறுதியில் அளந்தோம். சுவரில் வரைந்திருந்த பழைய கோட்டிற்கு மேலே புதிய கோடு விழுந்தது. அவன் திரும்பி நின்று, இரண்டு கோடுகளுக்கும் இடையே தன் விரல்களை வைத்து அளந்து பார்த்தான். அவனுக்குப் பின்னால் அவன் தம்பி, காலணியைக் கழற்றிவிட்டுத் தன் முறைக்காகக் காத்து நின்றான்.